ங்

பேரை மாற்றும் செலவு எனக்கு இருக்கவில்லை.
தங்கமணி என்று எங்கள் பக்கம்
ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள்.
மாத்திரை தோலுக்கு வந்தது, மார்புக்கு வந்தது,
தொண்டைக்கு வரவில்லை.

பதிமூன்று வயதில் உடைந்த குரல்.
உடைந்ததைப் போய்
வளர்ந்துவிட்டான் என்றார்கள் எல்லோரும்.

வியாழக்கிழமை சோமனூரில் பஸ் ஏறி
காந்திபுரத்தில் இறங்கினால்
பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் எஸ்தர் மேடத்தின் அறை.
வெளியே பெஞ்சில் திக்குவாய்ப் பையன் ஒருவன்,
பக்கவாதம் வந்த மில் சூப்பர்வைசர் ஒருவர், நான்.
மூன்று பேரும் பேச வந்தவர்கள்.
மூன்று பேரும் பேசிக்கொள்ளவில்லை.

திரையில் என் குரல் ஒரு பச்சைக் கோடு.
நூற்றுப் பதினெட்டில் படுத்திருந்தது.
"நூத்தி எண்பது வரைக்கும் போகலாம், அவசரமில்லை.
கீச்சுனு ஏத்தாதீங்க, அது பொம்மைக் குரல்.
நெஞ்சுல கிடக்கறதை இங்க கொண்டு வாங்க"
என்று தன் மூக்குத்தண்டில் விரல் வைத்துக் காட்டினார்.
இளநீர்க் கடை ஸ்ட்ராவைத் தண்ணீர் பாட்டிலில் விட்டு
ஊ என்று ஊதச் சொன்னார், குமிழி அறாமல்.
முதல் வாரம் முகமெல்லாம் தண்ணீர்.

பிறகு ஒரே ஒரு எழுத்து கொடுத்தார்:
ங்.

"எந்த ஊரு நீங்க?"
சொன்னேன்.
"அப்ப பாதி வேலை முடிஞ்சுது" என்று சிரித்தார், மதுரைக்காரி.
"உங்க ஊர்ல எல்லாப் பேச்சும் அங்கதானே போய் முடியுது."

சரீங். ஆமாங். இல்லீங். ஏனுங்.
முப்பத்தோரு வருடம் வாயில் கிடந்ததை
அன்றைக்குத்தான் நாக்கால் தொட்டுப் பார்த்தேன்.
என் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில்
அந்த எழுத்துக்கு மட்டும் படம் இல்லை.
எதையும் தொடங்கி வைக்காத எழுத்து.
எங்கள் ஊர் மரியாதை மொத்தமும் அதன் தலைமேல்.
அதை வைத்து யாரும் என்னிடம் பேசியதில்லை.
டேய். ஏய். இந்தாப்பா.

நைட் ஷிஃப்டில் எட்டுத் தறி எனக்கு.
தறி ஓடும்போது ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்காது.
எனக்குக் கிடைத்த ஒரே தனியறை
அந்த இரைச்சல்தான்.
நாடாவில் தார் மாற்றிக்கொண்டே
பஸ் நிற்கும் ஊர்களைச் சொல்வேன்,
கருமத்தம்பட்டிங், தெக்கலூருங், அவினாசிங்.
இல்லாத மாமியாரிடம் சண்டை போடுவேன்.
பஞ்சு ஏறித் தும்மினால் மட்டும்
பழைய ஆள் எட்டிப் பார்ப்பான்.
"தும்மலும் இருமலும் கடைசியாத்தான் மாறும்,
மாறாட்டியும் போகட்டும்" என்றிருந்தார் மேடம்.

மாசி மாதம், மணி இரண்டரை இருக்கும்,
கரண்ட் போனது.
நாற்பது தறியும் ஒரே மூச்சில் நின்றன.
என் வாய் நிற்கவில்லை.

"...அரைக் கிலோ போதுங்க, கொத்தமல்லி கொசுறு இல்லீங்களா"
என்று இருட்டு முழுக்க
ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வரிசையில் நாச்சிமுத்து,
எட்டு வருடமாக என்னை டேய் போட்டவர்,
செல்போனைத் துழாவுவதை நிறுத்தினார்.

"ஆருங் அது?"

தொண்டையில் பழைய குரல்தான் முதலில் வந்து நின்றது,
வீட்டுச் சாவி வைத்திருப்பவனைப் போல.
எச்சில் விழுங்கினேன்.
மூக்குத்தண்டில் விரல் வைத்துக்கொண்டேன்.
இருட்டில் யாருக்குத் தெரியும்.

"நாந்தானுங். தங்கமணி."

நடுவில் கொஞ்சம் கீறியது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
எங்கேயோ சூடான இரும்பு டிக் டிக்கென்று ஆறியது.
அப்புறம்,
"தண்ணி இருக்குதா" என்றார்.
நிறுத்தினார்.
அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போடுகிறவர்போல
தனியாக, தாமதமாக,
"ங்" என்றார்.

பாட்டிலை ஸ்ட்ராவோடு நீட்டினேன்.
கரண்ட் வந்தது.
தும்மினேன், பழைய குரலில்.
தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.